ஆயக்கட்டு இல்லாத ஏரி

கிழக்குத் தாம்பரம் பக்கம் ஃபிளாட் வாங்கியவர்கள் யாரிடமாவது மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல பத்திரங்களில் ‘நஞ்சை’ என்றுதான் இருக்கும். எங்கள் வீட்டுப் பத்திரத்திலும் அப்படித்தான். குடியிருப்பது மூன்றாவது மாடி. காகிதப்படி அது நெல் வயல்.

தாம்பரம் எப்படி நகரமானது? எல்லாரும் ரயிலைச் சொல்வார்கள். தப்பில்லை. திறந்தவெளிக் காற்றே மருந்து என்று நம்பிய டாக்டர் சௌரி முத்து 1928இல் இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1931இல் பீச்சிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறித்தவக் கல்லூரி சென்னையிலிருந்து இடம்பெயர்ந்தது. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது.

இந்த வரலாற்றில் ஏரிகள் வருவதில்லை. செங்கல்பட்டுச் சீமையில் மழையைத் தேக்கித்தான் விவசாயம். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் கலங்கல் தாண்டி செம்பாக்கம் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். ஏரிக்கு மதகு, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு வயல்கள். தூர் வார, கரை பலப்படுத்த ஊரே இறங்கும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். இறங்காவிட்டால் அந்த வருஷம் நெல் கிடையாது, அவ்வளவுதான் காரணம்.

ஏரிகளை ஆக்கிரமிப்பு அழித்தது என்கிறோம். அது பாதிக் கதை. ஆயக்கட்டு மனைகளானதும் மதகைத் திறக்க ஆள் தேவைப்படவில்லை. வரத்துக் கால்வாய் யாருக்கும் வேண்டாத பள்ளமானது. குப்பையும் சாக்கடையும் வர அது போதும்.

தண்ணீர் பழைய வழியை விடவில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது.

நாலே வருஷத்தில், 2019 கோடையில், நேர்மாறாகப் பஞ்சம். போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணிக்கு வரிசை. அந்தக் கோடையில்தான் சிட்லபாக்கத்துக்காரர்கள் ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். சுற்றுச்சூழல் ஆர்வம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஏரியில் தண்ணி நின்றால்தான் சுற்றுவட்டார போர்வெல் ஊறும். அன்று நெல்லுக்கு இருந்த தேவை இன்று குழாய்க்கு இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த அடுக்குமாடிகள்தான் ஏரியின் புது ஆயக்கட்டு.

அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டை முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: நம்ம போருக்கு எந்த ஏரித் தண்ணி ஊறுது, அதோட கலங்கல் எங்க இருக்கு?