விதியா? விலையா?

செனெகல் முதல் எத்தியோப்பியா வரை, ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பெரும் பட்டை. சகாராவின் புழுதிக்காற்று வீசும் வறண்ட மாதங்களில் அங்கே மூளையுறைக் காய்ச்சல் பரவும். பிடரி விறைக்கும், பிழைத்த பிள்ளைகளிலும் பலருக்குச் செவிப்புலன் போகும். 1996, 1997 ஆண்டுகளில் நோய் கண்டவர் இரண்டரை லட்சம் பேர். மாண்டவர் 25,000 பேர்!

விதி என்பீரோ, தோழர்களே? விலை என்பேன் நான்.

பழைய தடுப்பூசி பச்சிளங் குழந்தைகளைக் காக்காது. பெரியவர்களிடமும் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்தோடு பிணைத்தால் அக்குறை நீங்கும். அவ்விதம் செய்த ஊசியை, தன் மக்களை வாட்டிய 'சி' வகைக்கு 1999இலேயே போட்டுக்கொண்டது பிரிட்டன். ஆப்பிரிக்கரைக் கொன்றதோ 'ஏ' வகை. அவர்களிடம் பணமில்லை, ஆகவே ஊசியுமில்லை!

2001இல் உலகச் சுகாதார நிறுவனமும் 'பாத்' அமைப்பும், கேட்ஸ் அறக்கட்டளை ஈந்த 7 கோடி டாலருடன் களம் புகுந்தன. அரை டாலருக்கு மேல் எங்களால் இயலாது என்றனர் ஆப்பிரிக்க நாட்டார். அந்த விலைக்குப் பெரும் முதலாளிகள் இணங்கவில்லை. விலையை முதலில் வைத்து, அதற்கேற்ற ஊசியைத் தேடிய விந்தை அப்போதுதான் நடந்தது! பிணைக்கும் முறையை அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடம் தந்தது. புனேயின் சீரம் நிறுவனம் அதைக் கற்று, ஊசியைச் செய்தது. 2010 டிசம்பர் 6 அன்று புர்கினா பாசோவில் ஊசிபோடும் பணி தொடங்கிற்று. 2017க்குப் பின் அப்பட்டையில் 'ஏ' வகை நோய் தென்படவில்லை.

மற்ற வகைகள் ஓயவில்லை. ஐந்து வகையையும் தடுக்கும் ஊசி 2024இல் நைஜீரியாவுக்கு வந்தது. அதன் விலை ஏறத்தாழ 3 டாலர்.