புதைத்த இடமே பேசுகிறது!

(பழந்தமிழர் வாழ்வை நமக்குப் பெரிதும் உணர்த்துவது வாழ்ந்த இடமா? புதைத்த இடமா? என்ற தலைப்பில் ஆவடியில் நடந்த பட்டிமன்றத்தில், 'புதைத்த இடமே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒரு போடு போட்டார். "பண்டிகை நாளும் அதுவுமா சுடுகாட்டைப் பத்திப் பேச வந்துட்டாரே இந்த மனுஷன்"னு கேட்டார். ஐயா, நீங்களும் நானும் என்றைக்கோ ஒருநாள் அங்கே போய்த்தானே ஆகணும்? முன்கூட்டியே இடம் பார்த்து வைக்கிறதுல என்ன தப்பு? (சிரிப்பு)

அவர் கீழடியைச் சொன்னார். செங்கல் சுவர் சொன்னார், உறைகிணறு சொன்னார், எழுத்துப் பொறித்த பானை ஓடு சொன்னார். எல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கீழடியிலே வீடு கிடைச்சுது, சாமான் கிடைச்சுது. அந்த வீட்டுல இருந்த மனுஷன் எங்கே கிடைச்சான்? பக்கத்துல கொந்தகையிலே கிடைச்சான்! அது கீழடி மக்களின் இடுகாடு. அங்கே கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து முகத்தை வடித்தார்கள். 2025-இல் அந்த முகங்களை நாம் பார்த்தோம். ஊர் பாத்திரத்தைக் காட்டியது. இடுகாடுதான் முகத்தைக் காட்டியது! (கைதட்டல்)

கிராமத்துல ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் காலத்துக் கிழவன் கிழவிக்குச் சாவே வராதாம். உடம்பு சுருங்கிச் சுருங்கிக் குழந்தை மாதிரி ஆயிடுமாம். பராமரிக்க முடியாமல், விளக்கேத்தி, சோறு வெச்சு, உயிரோடு தாழிக்குள்ளே இறக்கிடுவாங்களாம். அதனாலதான் 'முதுமக்கள் தாழி'ன்னு பேராம். எவ்வளவு பெரிய பழி, பாருங்கள்! பெற்றவர்களை உயிரோடு புதைத்தவர்களா நம் முன்னோர்? அந்தப் பழியைத் துடைத்தது யார்? தாழிதான். 2020-இல் கொந்தகையில் தோண்டியபோது ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆதிச்சநல்லூரிலும் பல வயதுக்காரர்களின் எலும்புகள் இருக்கின்றன. கிழவர்கள் மட்டும் இல்லை ஐயா! செத்தவர்களை மரியாதையோடு வைத்த பாத்திரம் அது.

அந்த ஆதிச்சநல்லூரை 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 114 ஏக்கர் இடுகாடு! பொன்னால் செய்த நெற்றிப்பட்டம், வெண்கலம், இரும்பு, எல்லாம் எடுத்தார்கள். பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள்ளே நெல் இருந்தது. அதோடு இருந்த மண்ணை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று முடிவு வந்தது. 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,200 ஆண்டு! ஊரிலே விளைஞ்ச நெல்லை ஊர் தின்னு தீர்த்துடுச்சு. இடுகாடுதான் பத்திரமா வெச்சிருந்து நம்ம கையிலே கொடுத்தது. (கைதட்டல்)

"எல்லாம் நம்ம நாட்டுக் கதைதானே"ன்னு நடுவர் நினைக்கலாம். கொஞ்சம் வடக்கே போவோம். கருங்கடலுக்கு மேலே, டான் ஆறு, வோல்கா ஆறு, அதுக்கும் அப்பால் கடல் மாதிரி விரிந்த புல்வெளி. அங்கே சர்மாத்தியர் என்று ஒரு நாடோடி மக்கள் இருந்தார்கள். குதிரையும் கூண்டு வண்டியும்தான் அவர்கள் வீடு. எதிரணி அங்கே போனால் எந்த ஊரைத் தோண்டும்? ஊரே கிடையாதே! இருப்பதெல்லாம் சமாதி மேடுகள். குர்கான் என்பார்கள். கிரேக்கத்து ஹெரோடோட்டஸ், அவர்களுக்கு முன்னோர்போல் அங்கே வாழ்ந்த மக்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் பெண்கள் குதிரை ஏறுவார்கள், போருக்குப் போவார்கள் என்றார். படித்தவர்கள் பலர் கட்டுக்கதை என்றார்கள். 1990-களில் ரஷ்ய-அமெரிக்க ஆய்வாளர்கள் பொக்ரோவ்கா என்ற இடத்தில் மேடுகளைத் தோண்டினார்கள். சில பெண்களின் எலும்புக்குப் பக்கத்தில் வாள் இருந்தது, குத்துவாள் இருந்தது, அம்பு முனைகள் இருந்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் யாரும் நம்பாத பெண்ணுக்குச் சாட்சி சொன்னது அவளுடைய குழி!

நம் இலக்கியமும் அதையே சொல்கிறது. புறநானூற்றின் 256-ஆம் பாட்டிலே ஒருத்தி, கணவனை இழந்தவள், குயவனிடம் கேட்கிறாள்: எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று. அந்த அன்பை எந்தச் செங்கல் சுவர் சொல்லும்?

நடுவர் அவர்களே, இப்போது சிரிப்பை விட்டுவிட்டு என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதோ பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூர். அதைச் சுற்றிக் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் உண்டு. சிலவற்றை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அந்தப் பக்கம் 2003-இல் ஒரு மனை வாங்கினேன். தரகர் சொன்னார்: "சார், இங்கே வட்டமா பாறாங்கல்லு கிடந்துச்சு. மிஷினை விட்டு வழிச்சுட்டோம். அஸ்திவாரத்துக்கு அந்தக் கல்லே போதும், உங்களுக்கு லோடு காசு மிச்சம்." எனக்கு ஒரே மகிழ்ச்சி. காசு மிச்சம்!

அப்போது நான் முனைவர் பட்டம் வாங்கியவன். அந்தத் தாழிப் பாட்டை வகுப்பிலே உருகி உருகி நடத்தியவன். நாலு வருஷம் கழித்து, மாணவர்களை அழைத்துக்கொண்டு பாதுகாக்கப்பட்ட ஒரு கல்வட்டத்தைக் காட்டப் போனேன். உருண்டைப் பாறைகள், வட்டமாக. பார்த்ததும் கால் நகரவில்லை. அதே கல்! என் வாசப்படிக்குக் கீழே கிடக்கிற கல்! பாட்டைத் தெரிந்தவனுக்குக் கல்லைத் தெரியவில்லை ஐயா. எவளோ ஒருத்தி தன் கணவனுக்கு வைத்த கல்லின்மேல் நான் தினமும் செருப்பைக் கழற்றுகிறேன்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டக்கூடாது என்கிறது சட்டம். அங்கே மனை வைத்திருப்பவர்களுக்கு அது கஷ்டம்தான்; அவர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் ஏறாத கல்லுக்கு எந்தச் சட்டம் துணை? நீங்களும் நானும்தான். அஸ்திவாரம் தோண்டும்போது தாழி தட்டுப்பட்டால் கடப்பாரையை நிறுத்துங்கள். வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு நாள் வேலை கெடும். மூவாயிரம் ஆண்டு மிஞ்சும்.

வாழ்ந்த இடத்தின்மேல் அடுத்த தலைமுறை வீடு கட்டிக்கொண்டே போகிறது. புதைத்த இடத்தில்தான், போனவரை எப்படி நேசித்தோம் என்பதை நம் முன்னோர் விட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே, பழந்தமிழர் வாழ்வை நமக்குப் பெரிதும் உணர்த்துவது புதைத்த இடமே, புதைத்த இடமே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)