பிரித்தவர் யார்? – ஆங்கிலச் சொற்கள் சில சொல்லும் வரலாறு

பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிவு என்பதை நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஏ.கே. இராமானுசன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது அப்பிரிவுக்கு ‘செப்பரேஷன்’ என்னும் சொல்லையே ஆண்டார். அதனினும் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் கிட்டுவது அரிது. ஆயினும் அச்சொல் அந்நாடுகளில் வேறு பல வேலைகளையும் செய்து வந்திருக்கிறது. கணவனும் மனைவியும் வழக்குமன்ற ஆணைப்படி விலகி வாழ்தல் ‘செப்பரேஷன்’. பாலினின்று ஏட்டைப் பிரித்தலும் ‘செப்பரேஷன்’. 1890இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலம் கறுப்பினத்தாருக்கு இரயிலில் தனிப்பெட்டி வகுத்த சட்டத்தின் பெயரிலும் இச்சொல்லின் வினையடியே நிற்கிறது. பொருள்வயிற் பிரிந்த தலைவனும் பெட்டியினின்று இறக்கிவிடப்பட்ட பயணியும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதைக் காண, அம்மொழியின் பிரிவுச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடும் ஆவல் எழுந்தது. அத்தேடலில் கிடைத்தவற்றுள் சிலவற்றையே ஈண்டு தருகிறேன்.

தொடக்கத்திலேயே இலக்கணக் குறிப்பொன்று வேண்டும். தமிழில் ‘பிரிந்தான்’ என்பது தன்வினை. ‘பிரித்தான்’ என்பது பிறவினை. ஓர் எழுத்து வல்லெழுத்தாவதால் செய்தவன் வெளிப்பட்டு விடுகிறான். ஆங்கிலத்தில் ‘செப்பரேட்’ என்றாலும் ‘பார்ட்’ என்றாலும் வினைச்சொல் உருமாறுவதில்லை. தானே விலகியதா, பிறர் விலக்கியதா என்பதைத் தொடரின் அமைப்பே சொல்ல வேண்டும். இதனை நம் மொழியின் பெருமையாகச் சொல்ல வரவில்லை. ‘பிரிவினை’ என்று பெயராக்கிவிட்டால் தமிழிலும் அந்த ஆள் மறைந்து போகிறான்.

ஆங்கிலத்தின் பழைய பிரிவுச் சொற்கள் கருவியோடும் கையோடும் பிறந்தவை. ஆட்டின் மயிரைக் கத்தரித்தலைக் குறிக்கும் ‘ஷியர்’, பங்கு எனப் பொருள்படும் ‘ஷேர்’, ஏரின் கொழுவைக் குறிக்கும் ‘ஷேர்’, குறுகியது எனப்படும் ‘ஷார்ட்’ ஆகிய யாவும் வெட்டுதல் என்னும் ஒரே வேரினின்று கிளைத்தவை. ‘ஷர்ட்’ என்பதும் ‘ஸ்கர்ட்’ என்பதும் ஒரு சொல்லே. குறுக வெட்டிய ஆடை என்பது பொருள். முன்னது ஆங்கிலேயர் வாயில் வழங்கியது. பின்னது வடகடல் தாண்டி வந்த நார்சு மக்கள் கொணர்ந்தது. ஒரு சொல்லையே இரண்டாக்கி மேலாடைக்கொன்றும் கீழாடைக்கொன்றுமாகப் பங்கிட்டுக் கொண்டனர். கோலில் வெட்டிய கீற்று ‘ஸ்கோர்’. கீற்றுக்கு இருபது என எண்ணியமையால் இருபதுக்கும் அதுவே பெயராயிற்று. திறமையைக் குறிக்கும் ‘ஸ்கில்’ என்பதற்கு நார்சு மொழியில் வேறுபாடு அறிதல் என்றே பொருள். பகுத்தறிதல் என்னும் நம் சொல்லுக்கு மிக நெருங்கிய உறவு. யார்க்‌ஷயர் மாவட்டத்தின் மூன்று பிரிவுகளுக்கு 1974 வரை ‘ரைடிங்’ என்று பெயர் வழங்கியது. குதிரையேற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்றிலொன்று என்னும் நார்சுச் சொல், ‘நார்த்’ முதலிய திசைப்பெயர்களின் ஈற்றெழுத்தோடு கலந்து முதலெழுத்தை இழந்து நின்ற உருவம் அது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆட்சியும் வழக்குமன்றமும் பிரெஞ்சு பேசத் தொடங்கின. ‘பார்ட்’, ‘டிபார்ட்’, ‘செவர்’ என்னும் சொற்கள் அவ்வழியே நுழைந்தன. இவற்றுள் ‘டிபார்ட்’ சுவையான வரலாறுடையது. இன்று புறப்பட்டுச் செல்லுதலைக் குறிக்கும் இச்சொல் முன்பு பிரித்தலையே குறித்தது. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில், சாவு நம்மைப் பிரிக்கும் வரை என்னும் திருமண உறுதிமொழியில் பிரிப்பதற்கு ‘டிபார்ட்’ என்ற சொல்லே ஆளப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குள் சொல்லின் பொருள் நழுவிவிட்டது. எனவே 1662ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஓசை கெடாதபடி அதனை இரண்டாக உடைத்து, ‘டூ பார்ட்’ என்று அமைத்தனர். பிரித்தலைக் குறித்த சொல்லே பிளக்கப்பட்டது. இங்கும் பிரிப்பவர் யார் என்பதில் ஐயமில்லை. சாவு எழுவாயாக முன்னே நிற்கிறது.

மனிதர் மனிதரைப் பிரிக்கச் சட்டம் செய்தபோதுதான் எழுவாய் மங்கத் தொடங்கிற்று. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் சில தலைமுறைகளில் அயர்லாந்தினரின் மொழியையும் உடையையும் பெயரையும் மேற்கொண்டனர். இதனைத் தடுக்க 1366இல் மூன்றாம் எட்வர்டு மன்னரின் மகன் லயனல் தலைமையில் கூடிய மன்றம் கில்க்கென்னிச் சட்டங்களை இயற்றியது. அயர்லாந்தினரோடு மணவுறவு கூடாது; ஆங்கிலேயர் ஆங்கிலமே பேச வேண்டும், ஆங்கிலப் பெயரே இட வேண்டும்; குதிரையில் ஏறினாலும் ஆங்கில முறைப்படி சேணமிட்டே ஏற வேண்டும். நம்மவர் கவனிக்க வேண்டிய விதியொன்றும் அதில் உண்டு. அயர்லாந்தின் பாணரும் புலவரும் கதை சொல்வோரும் ஆங்கிலேயரிடையே வரலாகாது. அவர்களை வரவேற்பதும் குற்றம். மொழி கலப்பதற்கு வாயில் எது என்பதை அச்சட்டம் எழுதியோர் நன்கறிந்திருந்தனர் போலும். ஆங்கிலமே பேசுக என்று ஆணையிட்ட அச்சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை; பிரெஞ்சில் எழுதப்பட்டது.

சட்டம் பயனளிக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி டப்ளின் நகரைச் சூழ்ந்த சிறு நிலப்பரப்பாகச் சுருங்கியபோது, அப்பரப்பு ‘பேல்’ எனப் பெயர் பெற்றது. ‘பேல்’ என்பது வேலி நடும் முளைக்கோல். இலத்தீன் வழி வந்த சொல். முளை அடிப்பவன் கை இச்சொல்லில் இன்னும் தெரிகிறது. ‘ஃபென்ஸ்’ என்னும் வேலிச்சொல் அப்படியன்று. அது காத்தல் எனப் பொருள்படும் ‘டிஃபென்ஸ்’ என்பதன் குறுக்கம். வேலி போட்டவன் தன்னைக் காப்பவனாகவே அச்சொல்லில் நிற்கிறான். வெளியே நிற்பவன் தானாகவே பகைவனாகி விடுகிறான்.

அவ்வாறு வெளியே நின்றவர் இங்கிலாந்திலேயே இலட்சக்கணக்கினர். 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நிலவளைப்புச் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அறுபத்தெட்டு இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான நிலம், அச்சட்டங்களுக்குள் வந்தது. மாடு மேய்ந்த புறம்போக்கும், விறகு பொறுக்கிய புதரும் தனியார் உடைமையாயின. உழவுத் தொழிலாளியாகிய கவிஞர் ஜான் கிளேர் (1793–1864) பிறந்த ஹெல்ப்ஸ்டன் ஊருக்கு 1809இல் அச்சட்டம் வந்தது. அவர் கவிதைகள் அந்நிலத்தின் இழப்பைப் பாடின. அவருடைய வட்டார வழக்குச் சொற்களைப் பதிப்பாளர் திருத்தி அச்சிட்டனர் என்பதும் உடன் எண்ணத்தக்கது. நிலத்துக்கு நேர்ந்தது சொல்லுக்கும் நேர்ந்தது.

ஆடு மேய்த்தோர் சொல்லொன்று பிற்காலத்தில் கொடுமையான பணியேற்றது. ‘செக்ரிகேட்’ என்பதற்கு மந்தையினின்று விலக்கி நிறுத்துதல் என்பது இலத்தீன் மூலப்பொருள். மந்தைக்கு மேய்ப்பன் உண்டு. ‘செக்ரிகேஷன்’ என்று பெயராக்கிய பின் மேய்ப்பனைக் காணோம். மேலே சொன்ன லூசியானாச் சட்டம் 1896இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளால் ஏற்கப்பட்டது. ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவரே மறுத்தெழுதினார். அத்தீர்ப்பின் நெறி பள்ளிகளில் செல்லாதென ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துரைக்க 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1948இல் அரசுக் கொள்கையாகி 1994இல் முடிவுற்ற ‘அபார்த்தைட்’ அந்நாட்டு ஆப்பிரிக்கான்சு மொழிச் சொல். ஆங்கிலம் அதனை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது. அத்தகைய செயல் தன்னுடையதன்று என்று காட்டிக்கொள்ள அது ஏற்ற வழியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

நம் நாட்டை நேரே தொட்ட சொல் ‘பார்ட்டிஷன்’. இது குடும்பச் சொத்துச் சொல். ஆண் வாரிசின்றி நிலத்தைக் கூட்டாக ஏற்ற சகோதரிகள் தத்தம் பங்கைப் பிரித்துக் கேட்கும் உரிமையே பழைய ஆங்கிலச் சட்டத்தில் ‘பார்ட்டிஷன்’ எனப்பட்டது. எட்டாம் ஹென்றி காலத்தில் 1539, 1540 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் பிற கூட்டு உடைமையாளருக்கும் அவ்வுரிமையை விரித்தன. பங்காளி கேட்டால்தான் பாகம் பிரியும். இதுவே அச்சொல்லின் அறம். பின்னர் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அண்டையரசுகள் மூன்று போலந்து நாட்டைத் துண்டாடியபோது அதற்கும் இப்பெயரே வழங்கிற்று. அங்கே பாகம் கேட்டவர் வீட்டார் அல்லர். வங்காளத்தில் 1905இல் கர்சன் செய்ததும், 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி அயர்லாந்தில் நடந்ததும் ‘பார்ட்டிஷன்’ என்றே எழுதப்பட்டன.

இந்தியாவில் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இன்றும் உயர்நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. சொத்தைத் துண்டாக்குவது பொருத்தமற்றது என்று தோன்றினால், பாதிக்குக் குறையாத பங்குடையோர் கேட்கும்போது, அதனை விற்றுப் பணத்தைப் பங்கிடலாம் என்கிறது அது. வீட்டைக் குறுக்கே அறுக்க வேண்டாம் என்ற உணர்வு அதில் உண்டு. நாட்டுக்கு அத்தகைய விதி ஏதுமில்லை. முன்பு இந்தியாவையே கண்டிராத வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப் 1947 சூலை 8 அன்று வந்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் வகிர்ந்த அவர்தம் கோடு ஆகஸ்டு 17 அன்று, விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து, வெளியாயிற்று. இந்தி, உருது பேசுவோர் அதற்கு வழங்கும் ‘பட்வாரா’ என்பதும் வீட்டுப் பாகப்பிரிவினைக்குரிய சொல்லே. தமிழ் இங்குச் சற்று விலகி நின்றது. வீட்டுக்குப் பாகப்பிரிவினை என்றும் நாட்டுக்குப் பிரிவினை என்றும் இரண்டாக வழங்கினோம்; பாகம் என்னும் சொல்லை நாட்டுக்கு ஏற்றவில்லை.

இதுகாறும் கண்டவை ஆங்கிலம் பிற மொழிகளினின்று பெற்றவை. தமிழினின்று பெற்றதும் ஒன்றுண்டு. விலக்கப்பட்டவனைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று மிகப் பரவலாக வழங்கும் ‘பரையா’ நம் சொல். 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியர் எழுத்துகளில் இடம்பெற்று, 1613இல் சாமுவேல் பர்ச்சசின் நூல் வழி ஆங்கிலத்தில் நுழைந்தது. அப்போது அது ஒரு மக்கட்பிரிவின் பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்னார்தென் த சேன் பியேர் எழுதிய பிரெஞ்சுக் கதையொன்று ஐரோப்பாவெங்கும் அதனைப் பரப்பியது. 1821இல் கசிமிர் தெலவீன் பாரிசில் அப்பெயரிலேயே நாடகம் தந்தார். 1820களில் கெதேயும் கவிதை இயற்றினார். ஊரார் ஒதுக்கிய எவரும் ‘பரையா’ ஆயினர். 1944இல் ஹன்னா ஆரென்ட் யூதரைக் குறித்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல் உண்டு.

இச்சொல்லின் பிறப்பைத் தமிழ் கற்றோர் அறிவர். கால்டுவெல் 1856இல் பறை என்னும் இசைக்கருவியோடு இதனைச் சேர்த்தார். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் குடிகள் நான்கைச் சிறப்பிக்கையில் பறையனையும் அவற்றுள் ஒன்றாகக் கூறுகிறார். அங்கே விலக்கில்லை. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. மலையாளத்தில் அது நாள்தோறும் வழங்கும் வினை. சொல்லுதலைக் குறித்த அடியினின்று, பேசவும் தகாதவன் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் வந்திருக்கிறது. பழியை ஆங்கிலத்தின் மேலேயே ஏற்றிவிடுதல் நமக்கு எளிது. பர்ச்சசோ போர்ச்சுகீசியரோ அவ்விலக்கை உண்டாக்கவில்லை; இங்கே கண்டதை எழுதினர். ஊரையும் சேரியையும் பிரித்த கை நம்முடையது.

அப்பெயரைச் சுமந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. பாகப்பிரிவினைச் சட்டம் வந்த அதே 1893இல், அக்டோபர் திங்களில், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் இதழொன்று தொடங்கி அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். அப்பெயருக்கு உரியவன் நானே என்று முன்வந்தாலொழிய உரிமை கேட்க இயலாது என்பது அவர் எண்ணம். அயோத்திதாசப் பண்டிதர் மாற்று வழி கண்டு 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என இதழுக்குப் பெயர் வைத்தார். எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தை ஒட்டி, 1922இல் அரசு ஆவணங்களில் அப்பழைய பெயர் நீங்கி ஆதிதிராவிடர் என்பது இடம்பெற்றது.

ஆங்கில அகராதியில் அத்தகைய திருத்தம் நிகழவில்லை. பிற நாடுகள் உறவு துண்டித்த நாட்டைப் ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதுவது ஆங்கிலச் செய்தித்தாள்களின் வழக்கம். மொழிபெயர்ப்பு வகுப்பில் அத்தொடர் வரும்போது, ‘விலக்கப்பட்ட நாடு’ என்று எழுதுமாறு மாணவியரிடம் சொல்கிறேன். அதற்கு முன்னே, யாரால் விலக்கப்பட்டது என்பதையும் செய்தியில் தேடி எழுதச் சொல்கிறேன். பல வேளைகளில் செய்தியில் அது இருப்பதில்லை.