ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பு

ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பு (சுருக்கமாக யுனிடோ) வளரும் நாடுகளின் தொழில் வளர்ச்சிக்குத் துணைநிற்கும் ஐ.நா. சிறப்பு நிறுவனம். தலைமையகம் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் உள்ளது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினராக உள்ளன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை அவற்றில் இல்லை. உலகின் பழம்பெரும் தொழில் நாடுகள் பலவும் உலகத் தொழில் வளர்ச்சிக்கான அமைப்பைவிட்டு விலகி நிற்பது எப்படி என்று பார்த்தால் அதன் வரலாறு பெருமளவு விளங்கிவிடும்.

தோற்றம்

அமைப்பின் வேர் 1950-களின் பொருளாதார விவாதங்களில் இருக்கிறது. மூலப்பொருளை விற்றுச் செய்பொருளை வாங்கும் நாடு காலப்போக்கில் நட்டப்படும் என்று வாதிட்டவர் அர்ஜென்டினப் பொருளியலாளர் ரவுல் பிரெபிஷ். புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பருத்தி கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பிய கதை அவற்றின் சொந்த அனுபவம். உணவுக்கும் வேளாண்மைக்கும் ஐ.நா. நிறுவனம் இருக்கிறது, தொழிலாளருக்கும் உடல்நலத்துக்கும் இருக்கிறது, தொழிலுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவை கேட்டன. பணக்கார நாடுகள் தயங்கின. 1961-இல் ஐ.நா. செயலகத்துக்குள்ளேயே ஒரு தொழில் வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அது போதாது என்ற குரல் ஓயவில்லை. 1966 நவம்பர் 17 அன்று பொதுச்சபை யுனிடோவை நிறுவும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1967 ஜனவரியில் பணி தொடங்கியது. எகிப்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹெல்மி அப்தெல் ரஹ்மான் முதல் தலைவர்.

தலைமையகம் அமைந்த வியன்னா, பனிப்போரின் இரு முகாம்களுக்கும் நடுவிலிருந்த நடுநிலை நாட்டின் தலைநகர். சர்வதேச அணுசக்தி முகமை 1957 முதல் அங்கே இருந்தது. டான்யூப் நதியோரம் ஆஸ்திரிய அரசு கட்டிய வியன்னா சர்வதேச மையம் 1979-இல் திறக்கப்பட்டபோது இரு அமைப்புகளும் அங்கே குடிபுகுந்தன. வாடகை ஆண்டுக்கு ஒரு ஷில்லிங், 99 ஆண்டுகளுக்கு.

லிமா இலக்கு

1975 மார்ச்சில் பெருவின் லிமா நகரில் நடந்த மாநாடுதான் அமைப்பின் அரசியல் உச்சம். எண்ணெய் விலையேற்றத்தால் வளரும் நாடுகளின் பேச்சுக்கு எடை கூடியிருந்த நேரம் அது. உலகத் தொழில் உற்பத்தியில் அப்போது அவற்றின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. 2000-ஆம் ஆண்டுக்குள் அதைக் குறைந்தது 25 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்றது லிமா பிரகடனம். அமெரிக்கா மட்டும் எதிர்த்து வாக்களித்தது. அமைப்பைத் தனிச் சாசனம் கொண்ட சிறப்பு நிறுவனமாக்க வேண்டும் என்றும் மாநாடு கேட்டது.

1980-இல் புதுடில்லியில் நடந்த மூன்றாம் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 2000-க்குள் 30,000 கோடி டாலர் அளவில் தொழில் நிதியம் ஒன்று வேண்டும் என்றது. பணம் தர வேண்டிய நாடுகள் எதிர்த்தன, நிதியம் உருவாகவில்லை. அந்தக் காலத்து விவாதங்களிலிருந்து நிலைத்து நிற்பவற்றுள் ஒன்று மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பத்துக்கான சர்வதேச மையம். 1983-இல் யுனிடோவின் முயற்சியில் ஒப்பந்தமான இம்மையம் இத்தாலியின் திரியெஸ்தேயிலும் புதுடில்லியிலும் ஆய்வுக்கூடங்கள் அமைத்துப் பின்னர் தனித்து இயங்கத் தொடங்கியது. ஆரவாரமான தீர்மானங்களைவிட இத்தகைய அடக்கமான வேலைகளே இந்த அமைப்புக்குக் கைவந்தன என்று சொல்லலாம்.

தன்னாட்சியும் விலகலும்

1979-இல் ஏற்கப்பட்ட சாசனம் போதுமான நாடுகளின் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வர 1985 ஆயிற்று. பிலிப்பைன்ஸின் டொமிங்கோ சியாசோன் முதல் தலைமை இயக்குநரானார். இந்தத் தன்னாட்சிக்கு ஒரு விலை இருந்தது. ஐ.நா.வின் உள்ளுறுப்பாக இருந்தவரை எந்த நாடும் யுனிடோவை மட்டும் தனியாகக் கைவிட முடியாது. தனிச் சாசனம் வந்ததும் தனிச் சந்தா வந்தது; சந்தாவோடு விலகும் உரிமையும் வந்தது. வளரும் நாடுகள் போராடிப் பெற்ற சுதந்திரமே வெளியேறும் வாசலையும் திறந்துவைத்தது.

பனிப்போர் முடிந்து, சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற கொள்கை வலுத்த 1990-களில் அந்த வாசல் பயன்பட்டது. 1993-இல் கனடா போனது. 1996 இறுதியில் அமெரிக்கா போனது, அதுவும் பெருந்தொகைச் சந்தாப் பாக்கியோடு. வரவுசெலவில் கால் பங்கு அதனுடையது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவும் விலகியது. அமைப்பையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. 1997-இல் உறுப்பு நாடுகள் ஒரு சீரமைப்புத் திட்டத்தை ஏற்றன; பணியாளர்களும் பணிகளும் பெருமளவு குறைக்கப்பட்டு அமைப்பு பிழைத்தது.

சுற்றுச்சூழல் பக்கம்

பிழைக்கக் கைகொடுத்தது சுற்றுச்சூழல். ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் நிதியத்தில் 1992 முதல் யுனிடோ செயற்பாட்டு முகமை. குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்று குளோரோஃபுளோரோ கார்பனைக் கைவிட வேண்டுமென்றால் இயந்திரம் மாற வேண்டும், தொழிலாளர் பயிற்சி பெற வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். இவற்றை ஏற்பாடு செய்வதே வேலை. 1994 முதல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துடன் சேர்ந்து பல நாடுகளில் தூய உற்பத்தி மையங்களையும் அமைத்தது. கழிவு வெளியேறிய பிறகு சுத்திகரிப்பதைவிட, உண்டாகும்போதே குறைப்பது லாபம் என்பது அவற்றின் அடிப்படை.

தமிழ்நாடு இந்த வரலாற்றில் இடம்பெறுவது தோல் தொழில் வழியாக. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததைக் கண்டித்து, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதே பத்தாண்டில் தென், தென்கிழக்கு ஆசியத் தோல் தொழில் மாசுக் கட்டுப்பாட்டுக்கான யுனிடோ வட்டாரத் திட்டம் சென்னையிலிருந்து இயங்கியது. குரோமியத்தை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்துவது, பச்சைத்தோலில் ஒட்டிய உப்பை ஊறவைக்கும் முன்பே உதறி எடுப்பது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்துவது ஆகியவை அதன் அக்கறைகள். உப்புச் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது செலவு மிகுந்தது. பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கேள்வி.

ஒன்பதாம் இலக்கு

2000-இல் வகுக்கப்பட்ட எட்டு புத்தாயிரமாண்டு இலக்குகளில் தொழில் என்று ஒன்று இருக்கவில்லை. 2013 டிசம்பரில் மீண்டும் லிமாவில் கூடிய மாநாடு, அனைவரையும் உள்ளடக்கிய நீடித்த தொழில் வளர்ச்சி என்ற புதிய பிரகடனத்தை வெளியிட்டது. முதல் லிமா கேட்டது உலக உற்பத்தியில் பங்கு. இரண்டாவது லிமா கேட்டதில் வேலைவாய்ப்பும் சுற்றுச்சூழலும் முன்னுக்கு வந்திருந்தன. 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்பதாவது இலக்கு தாங்குதிறன் மிக்க உள்கட்டமைப்பு, தொழில், புத்தாக்கம் மூன்றையும் ஒன்றாகப் பேசுகிறது. அதன் ஆறு குறியீடுகளுக்கு உலகத் தரவுகளைத் திரட்டும் பொறுப்பு யுனிடோவுடையது: உற்பத்தித் துறையின் மதிப்புக்கூட்டல், அதில் வேலைவாய்ப்பு, சிறுதொழில்களின் பங்கு, அவற்றுக்குக் கிடைக்கும் கடன், மதிப்புக்கூட்டலை ஒப்பிட்ட கரியமில வாயு உமிழ்வு, உயர்நுட்பத் தொழில்களின் பங்கு.

1975-இன் கணக்கை இன்று போட்டுப் பார்த்தால் விடை இரண்டாகப் பிரிகிறது. சீனா ஒன்றே உலக உற்பத்தித் துறையில் கால் பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடுகள் என ஐ.நா. வகைப்படுத்தியவை எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டில் நிற்கின்றன. லிமாவில் ஒரே அணியாக வாக்களித்தவர்களுக்குள்ளேயே இந்த இடைவெளி.

விலகல்களும் ஓயவில்லை. பிரிட்டன் 2012-இலும் பிரான்ஸ் 2014-இலும் வெளியேறின. சீனா, ஜப்பான், ஜெர்மனி ஆகியவை இன்று சந்தாவில் பெரும்பங்கு செலுத்துகின்றன. எகிப்து, அல்ஜீரியா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, அர்ஜென்டினா, சியாரா லியோன், சீனா என வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களே வரிசையாகத் தலைமையேற்ற இந்த அமைப்புக்கு, பழைய தொழில் நாடு ஒன்றிலிருந்து வந்த முதல் தலைவர் ஜெர்மனியின் முன்னாள் வளர்ச்சித் துறை அமைச்சர் கெர்ட் முல்லர். 2021 டிசம்பரில் பொறுப்பேற்றார்.