தகர மூடியும் ஓட்டாஞ்சில்லும்: ஒரு பள்ளி மைதான விளையாட்டின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

டிஸ்க் கால்ஃப் என்று ஒரு விளையாட்டு உண்டு. கால்ஃப் என்றதும் பச்சைப் புல்வெளியும் பணக்காரர்களும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. மட்டை கிடையாது, பந்து கிடையாது, தரையில் குழியும் கிடையாது. ஃப்ரிஸ்பீ போல ஒரு தட்டு மட்டும் போதும். கோட்டில் நின்று, தூரத்தில் இருக்கும் இலக்கை நோக்கித் தட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்தில் போய் நின்று மறுபடி வீச வேண்டும். எத்தனை வீச்சில் இலக்கைத் தொட்டோம் என்பதுதான் கணக்கு. எல்லா இலக்குகளையும் முடித்தபின் யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவரே வென்றவர். பெரியவர்களின் ஆடுகளத்தில் பெரும்பாலும் 18 இலக்குகள் இருக்கும். பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் 6 அல்லது 9 போதும், ஒவ்வொன்றும் 30, 40 மீட்டர் தூரத்தில்.

இந்த விளையாட்டின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. இதைத் தொடங்கியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

1926. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்ற சிற்றூர். அங்கே தொடக்கப்பள்ளியில் படித்த ரொனால்ட் கிப்சன் என்ற சிறுவனும் கூட்டாளிகளும் தகர டப்பாக்களின் மூடிகளை எடுத்துக்கொண்டு, பள்ளி மைதானத்து மணலில் நான்கடி அகல வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டமாக மூடியை வீசி ஆடினார்கள். அதற்குத் 'தகர மூடி கால்ஃப்' என்று பெயரும் வைத்தார்கள். அடிக்கடி ஆடினார்கள். பிறகு வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். விளையாட்டும் அவர்களோடு முடிந்துபோனது. அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, கனடாக்காரர்களைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு அதே யோசனை வந்தது. 1965-இல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் சாப்பன்ஃபீல்ட் என்ற கல்லூரி மாணவர், கோடை விடுமுறையில் பிள்ளைகளின் விளையாட்டு மைதானத்தில் வழிகாட்டியாக வேலை பார்த்தார். ஒருநாள் கால்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது, 'இதையே நம் பிள்ளைகள் ஃப்ரிஸ்பீ வைத்து ஆடினால் என்ன?' என்று தோன்றியது. மைதானத்தில் இருந்த பொருட்களையே இலக்குகளாக வைத்து ஆடவிட்டார். படிப்பு முடிந்து 1968-இல் தௌசண்ட் ஓக்ஸ் பகுதியில் பூங்காக்களின் மேற்பார்வையாளர் ஆனதும், பெரியவர்களுக்கும் ஒரு போட்டி ஏற்பாடு செய்தார். ஃப்ரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்திடம் உதவி கேட்டார். அவர்கள் தட்டுகளோடு, இலக்குகளாக வைக்க ஹூலா வளையங்களையும் அனுப்பி வைத்தார்கள்.

ஃப்ரிஸ்பீயின் கதையும் வேடிக்கைதான். பிரெட் மாரிசன் என்ற இளைஞரும் அவருடைய காதலியும் 1938-இல் கடற்கரையில் கேக் தட்டு ஒன்றை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடையில் 5 சென்ட் விலையுள்ள அந்தத் தட்டுக்கு 25 சென்ட் தருகிறேன் என்று ஒருவர் கேட்டாராம். அதிலிருந்தே வியாபாரம் பிறந்தது. மாரிசன் பின்னால் பிளாஸ்டிக்கில் தட்டு செய்தார். 1957-இல் உரிமையை வாம்-ஓ வாங்கியது. கனெக்டிகட் மாநிலத்து ஃப்ரிஸ்பி பேக்கரியின் காலித் தகரத் தட்டுகளை வீசி விளையாடிய மாணவர்களால் அந்தப் பெயர் பிரபலமாகியிருந்தது. அதையே எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான் எட் ஹெட்ரிக். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். முதலில் இலக்குகள் வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று சண்டை வரும். அதற்காகவே சங்கிலிக் கூடையை வடிவமைத்தார். கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகள் தொங்கும், கீழே கூடை. தட்டு சங்கிலியில் மோதி, வேகம் அடங்கி, கூடையில் விழும். விழுந்தால் விழுந்தது, வாதம் இல்லை. 1977-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1976-இல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கமும் தொடங்கி, விதிகளை எழுதி, உறுப்பினர் எண்ணும் கொடுத்தார். முதல் எண் அவருடையது. 2002-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் செய்தார்கள். இன்று பின்லாந்து, எஸ்தோனியா போன்ற நாடுகளில் சின்ன ஊர்களில்கூட இந்த ஆடுகளம் இருக்கிறது.

பிளாட்வொர்த் பிள்ளைகள் ஆடியதும் ஹெட்ரிக் ஆடியதும் கிட்டத்தட்ட ஒரே ஆட்டம். முதல் ஆட்டத்துக்குப் பின்னால் பெரியவர் ஒருவரும் இல்லை. இரண்டாவதில் இருந்தார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

தகர மூடியை மணல் வட்டத்தில் வீசுவது நமக்கு என்ன புதிதா? நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஓட்டாஞ்சில்லை எடுத்து, தரையில் கட்டம் கிழித்து, குறி பார்த்துக் கட்டத்துக்குள் போட்டு நொண்டியடித்தார்களே, அதுவும் இதே கைவேலைதான். பாண்டி என்று சிலர் சொல்வார்கள், நொண்டி என்று சிலர். சில்லு கோட்டில் பட்டால் ஆட்டம் போச்சு. ஓடு தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய நல்ல சில்லுக்கு இருந்த மதிப்பு அந்த வயதில் தங்கத்துக்குக் கிடையாது.

எறிகிற கை நம் மண்ணுக்குப் பழையது. மதுரை, சிவகங்கைச் சீமையின் வளரியை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் எங்கும் குறி தவறாது என்றும் வியக்கிறார். அதே வெல்ஷ் 1801 போரில் மருதிருவருக்கு எதிரான படையில் இருந்தவர். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருது வளரி சொல்லிக்கொடுத்த செய்தி நமக்குக் கிடைப்பது, எதிரணியில் நின்ற அவருடைய மாணவர் எழுதியதால்தான். இன்று வளரியைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, நம் பள்ளிகளில் வேரூன்றிய விளையாட்டுகள் எப்படி வந்தன? கூடைப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் பால்கனியில் அடித்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அவர் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். நம் கிராமத்துப் பள்ளிகளுக்கு வாலிபால் வலையும் கூடைப்பந்துக் கம்பமும் வந்ததில் இப்படிப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பங்கு பெரிது. கப்பல் மேல்தளத்தில் ஆடிய வளைய விளையாட்டின் உறவான டென்னிகாய்ட்டும் இன்று நம் பெண்பிள்ளைகளின் விளையாட்டாகப் பள்ளிப் போட்டிகளில் நிற்கிறது. விதிப் புத்தகம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஒரு பி.டி. சாரோ டீச்சரோ இருந்தார். அதனால் தங்கியது.

அலங்காநல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் இங்கே வாடிவாசலிலும் சென்னை மெரினாவிலும் மக்கள் உட்கார்ந்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. 2024 ஜனவரியில் பக்கத்துக் கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கமே திறந்தாயிற்று. ஊரே பின்னால் நின்றதால் அந்த விளையாட்டு நிற்கிறது. சந்தோஷம்தான். ஆனால் கிட்டிப்புள்ளுக்காக யாரும் மெரினாவில் உட்காரவில்லை. பாண்டிக்காக யாரும் வழக்குப் போடவில்லை. பிள்ளைகளின் விளையாட்டு சத்தமில்லாமல் போகும். ஒரு வருடம் ஆடவில்லை என்றால் அடுத்த வருடம் ஆடத் தெரிந்த பிள்ளை இருக்காது.

பள்ளிகளில் இன்று நடப்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த காலத்திலேயே பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியட் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். மிஞ்சிய நேரத்திலும் டீமில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் ஆட, மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். குட்டையான பையன், குண்டான பெண், வேகமாக ஓட முடியாதவர்கள் எல்லாம் அந்த மரத்தடிக் கூட்டத்தில் இருப்பார்கள். என் கவலை அவர்களைப் பற்றியது.

அவர்களுக்கு இந்தத் தட்டு விளையாட்டு பொருந்தும். இதில் டீம் பொறுக்குவது இல்லை. மோதல் இல்லை. மெதுவாக நடந்துபோய்க்கூட ஆடலாம். 9 இலக்குகள் வைத்து, இலக்குக்கு 4 பேர் வீதம் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் 36 பிள்ளைகள் ஆடுவார்கள். ஒரு வகுப்பே ஆடிவிடும். தன் கணக்கைத் தானே எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் கணக்கு வாத்தியாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவும் அதிகமில்லை. சங்கிலிக் கூடை விலை கூடுதல், அது வேண்டாம். சாப்பன்ஃபீல்ட் ஹூலா வளையம் வைத்ததுபோல, நாம் பழைய சைக்கிள் டயரை வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிடலாம். மரத்தூரில் சிவப்புத் துணி கட்டினாலும் இலக்குதான். போட்டிக்கு வீசும் தட்டுகள் கனமானவை, விளிம்பு கூர்மையானது. பிள்ளைகளுக்கு மெல்லிய சாதாரண ஃப்ரிஸ்பீ போதும். கொடிக்கம்பத்தை இலக்காக வைக்க வேண்டாம். சத்துணவுக்கூடம், ஜன்னல், ரோட்டோரம் பக்கம் வீசாதபடி திசை அமையுங்கள். இலக்கிலிருந்து தூரத்தில் இருப்பவர் முதலில் வீச வேண்டும். அவர் வீசி முடிக்கும்வரை யாரும் முன்னால் போகக் கூடாது. இந்த ஒரு விதியில் கண்டிப்பாக இருங்கள்.

வலது கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய் வீசினால், தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். ஏன் சாய்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், சுழற்சி பற்றிய இயற்பியல் பாடத்தை மைதானத்திலேயே தொடங்கிவிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு நேரம் இருக்கிறது. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு மாலை போய் நில்லுங்கள். ஆறு டயர், ஆறு தட்டு. ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் எட்டாம் வகுப்புக்குப் போகும் முன் ஆறாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்படி செய்யுங்கள். பிளாட்வொர்த்தில் விடுபட்டது அந்த ஒன்றுதான்.

அப்படியே இன்னொன்று. உங்கள் தெருவில் நீங்கள் ஆடிய ஒரு விளையாட்டின் பெயரையும் விதிகளையும் கீழே எழுதுங்கள். எத்தனை பேர், கோடு எப்படிக் கிழிப்பது, எது அவுட், தோற்றவருக்கு என்ன தண்டனை. நாலு வரி போதும். வருகிறதை எல்லாம் தொகுத்து ஒரு நோட்டில் எழுதி, நம் ஊர்ப் பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுகிறேன்.