பயிற்சி முடிந்து திரும்பும் இடம்: பணியிடத் தலைமைப் பயிற்சி குறித்து ஒரு வாதம்

டிராக்டரும் லாரியும் தயாரித்த அமெரிக்க நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தன் ஆலைகளின் ஃபோர்மேன்களைச் சிக்காகோவுக்கு வரவழைத்து இரண்டு வாரம் வகுப்பு நடத்தியது. ஆட்களை மதித்து நடத்துவது, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, வேலையை விரட்டி வாங்காமல் விளக்கி வாங்குவது ஆகியவையே பாடம். அதன் பலனை அளக்க வந்தவர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வின் ஃப்ளைஷ்மன். வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கொடுக்கப்பட்ட வினாப்பட்டியலில் மாற்றம் தெளிவாகவே தெரிந்தது. ஆட்கள்மீதான கரிசனம் கூடியிருந்தது. வேலையை வரையறுத்து, கெடு வைத்து வாங்கும் முனைப்பு குறைந்திருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த இடத்தில் கணக்கை முடித்துச் சான்றிதழ் வழங்கிவிடும்.

ஃப்ளைஷ்மன் அங்கே நிற்கவில்லை. ஊர் திரும்பிய ஃபோர்மேன்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டதோடு, அவர்களுக்குக் கீழே வேலை செய்த தொழிலாளர்களிடமும் விசாரித்தார். பயிற்சி பெற்று வெவ்வேறு கால அளவு கடந்தவர்களைப் பயிற்சியே பெறாதவர்களோடு ஒப்பிட்டார். வகுப்பறையில் தெரிந்த கரிசனம் ஆலையில் தெரியவில்லை. ஃபோர்மேனின் நடத்தையோடு பொருந்தி நின்றது வேறொன்று: அவருக்கு மேலே இருந்த அதிகாரி எப்படிப்பட்டவர் என்பது. கரிசனம் காட்டும் மேலதிகாரியின் கீழ் ஃபோர்மேனும் கரிசனமாக இருந்தார். கெடுபிடிக்காரரின் கீழ் இருந்தவர் கெடுபிடி செய்தார். 1953-இல் ஆய்விதழில் வெளியான இந்த முடிவு, 1955-இல் ஹாரிஸ், பர்ட் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலில் விரிவாக இடம்பெற்றது.

எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் தலைமைப் பயிற்சி என்றால் ஒருவரைத் தனியே பிரித்தெடுத்து, ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் உட்காரவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது என்ற எண்ணம் மாறவே இல்லை. இக்கட்டுரை அதற்கு எதிராக வாதிடுகிறது. தலைமைத் திறன் தனிமனிதரின் பையில் எடுத்துச் செல்லும் சரக்கு அல்ல. அவர் திரும்பிப் போகும் இடத்தில், குறிப்பாக அவருடைய மேலதிகாரியின் அன்றாட நடத்தையில், அது நிலைக்கும் அல்லது கரையும். ஆகவே பயிற்சி யாருக்கு என்ற கேள்வியை மேலிருந்து தொடங்க வேண்டும்.

இதைக் கேட்டதும், ஃபோர்மேனின் நடத்தைக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று ஒரு தொழிலதிபர் கேட்கலாம். அதற்கும் ஃப்ளைஷ்மனிடமே விடை உண்டு. 1962-இல் அவரும் ஹாரிஸும் ஒரு லாரி ஆலையின் 57 ஃபோர்மேன்களை ஆராய்ந்தபோது, கரிசனம் மிகக் குறைவாக இருந்த பிரிவுகளில் தொழிலாளர் புகார்களும் வேலையைவிட்டுப் போவோரின் எண்ணிக்கையும் செங்குத்தாக ஏறியிருந்தன. ஓரளவுக்கு மேல் கரிசனம் கூடினாலும் அந்த எண்கள் மேற்கொண்டு பெரிதாக இறங்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அதாவது எல்லா ஃபோர்மேன்களையும் உத்தமர்களாக்கத் தேவையில்லை. மிக மோசமானவர்களைச் சராசரிக்குக் கொண்டுவந்தாலே நிர்வாகத்துக்கு லாபம்.

பயிற்சி வேலைக்கே ஆகாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். மாற்றுச் சான்று வலுவானது. அதுவும் ஹார்வெஸ்டர் பள்ளிக்குச் சில ஆண்டுகள் முந்தியது. 1940 ஆகஸ்டில், போர்த் தளவாட உற்பத்திக்காக அமெரிக்க அரசு டி.டபிள்யூ.ஐ. என்ற தொழிலகப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. சானிங் டூலி, வால்டர் டீட்ஸ் போன்றவர்கள் தொழில் நிறுவனங்களிலிருந்து வந்து அதை நடத்தினார்கள். ஆலைகள் புதிய ஆட்களால் நிரம்பிக்கொண்டிருந்தன. நேற்றுவரை இயந்திரம் ஓட்டியவர் இன்று பத்துப் பேருக்கு மேற்பார்வையாளர். அவருக்கு நீண்ட படிப்புக்கு நேரமில்லை. வேலையைக் கற்றுக்கொடுப்பது, வேலை முறையைச் செப்பனிடுவது, ஆட்களோடு உறவைக் கையாள்வது என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், மொத்தம் பத்து மணி நேரம். சுமார் பத்துப் பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் தன் சொந்தப் பிரிவிலிருந்து ஒரு வேலையை அல்லது ஒரு சிக்கலைக் கொண்டுவந்து, மற்றவர்கள் முன்னிலையில் செய்துகாட்ட வேண்டும். அடிப்படை முறையான நான்கு படிகள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு சிறு அட்டையில் அச்சிடப்பட்டிருந்தன. போர் முடிந்து 1945-இல் திட்டம் மூடப்பட்டபோது, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள்.

சான்றிதழ் எண்ணிக்கை பலனுக்குச் சான்றாகாது. ஆனால் பியாங்கி, ஜோர்செல்லி என்ற இரு பொருளியலாளர்கள் பின்னாளில், இத்திட்டத்துக்கு விண்ணப்பித்த 11,575 நிறுவனங்களின் ஆவணங்களைத் தேடித் திரட்டினார்கள். பயிற்சியாளர் பற்றாக்குறையால் விண்ணப்பித்த எல்லோருக்கும் பயிற்சி கிடைக்கவில்லை; அதுவே ஒப்பீட்டுக்கு வழி செய்தது. பயிற்சி பெற்ற நிறுவனங்களின் செயல்பாடு மேம்பட்டதோடு, அந்த மேம்பாடு குறைந்தது பத்தாண்டுகள் நீடித்ததாகவும், அவற்றோடு வணிகத் தொடர்பில் இருந்த நிறுவனங்களுக்கும் பரவியதாகவும் அவர்கள் கண்டார்கள்.

சிக்காகோவில் இரண்டு வாரப் பாடம் ஆலையில் நிற்கவில்லை. இங்கே பத்து மணி நேரப் பாடம் பத்தாண்டு தாங்கியது. காரணம் பாடத்தின் நீளத்தில் இல்லை என்பது வெளிப்படை. டி.டபிள்யூ.ஐ. மேற்பார்வையாளரை வேலையிலிருந்து பிரிக்கவில்லை. பாடம் ஆலையிலேயே நடந்தது, கையில் இருந்த வேலையைப் பற்றியே நடந்தது, மறுநாள் காலை அதே லைனில் சோதித்துப் பார்க்க முடிந்தது. விண்ணப்பித்தது நிறுவனம் என்பதால் மேலிடத்தின் ஒப்புதலும் கூடவே வந்தது.

அமெரிக்கா கைவிட்டதை ஜப்பான் எடுத்துக்கொண்டது. நேச நாடுகளின் ஆளுகைக் காலத்தில் அங்கு போன டி.டபிள்யூ.ஐ. பாடங்களை 1950களின் தொடக்கத்தில் டொயோட்டா ஏற்றுக்கொண்டது. வேலை கற்பிக்கும் முறையை இன்றும் அது வைத்திருக்கிறது. வட்டம் முழுமையடைந்தது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் இழுத்து மூடிய அந்த ஆலை, சண்டைக்கும் வேலைக்கு வராமைக்கும் பேர்போனது. 1984-இல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து நும்மி என்ற பெயரில் அது மறுபடி திறக்கப்பட்டது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே. குழுத் தலைவர்களை ஜப்பானில் உள்ள டகாவோகா ஆலைக்கு அனுப்பி, அங்குள்ள சகாக்களோடு லைனில் நின்று வேலை செய்யவைத்தார்கள். அங்கே பணியாற்றிய ஜான் ஷூக் தரும் கணக்குப்படி, வேலைக்கு வராதோர் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது.

கதையின் அடுத்த பகுதியை மேலாண்மைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நும்மியில் பழகிய ஜெனரல் மோட்டார்ஸ் மேலாளர்கள் தங்கள் நிறுவனத்தின் மற்ற ஆலைகளுக்குப் போனபோது, உதாரணமாக லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வான் நைஸில், அதே மாற்றத்தைக் கொண்டுவர முடியவில்லை. கற்றவர்கள் கற்றதை மறந்துவிடவில்லை. லைனை நிறுத்தக் கயிற்றை இழுக்கும் தொழிலாளிக்கு நும்மியில் குழுத் தலைவர் ஓடிவந்து உதவினார். அந்தக் குழுத் தலைவருக்குப் பின்னால் அவருடைய மேலாளர் நின்றார். மற்ற ஆலைகளில் லைன் நின்றால் மேலாளருக்குக் கேள்வி வரும். ஃப்ளைஷ்மன் கண்டதுதான் இங்கும்.

மேலதிகாரி தடையாக இருப்பது மட்டுமல்ல, பயிற்சிக்கு யார் போவது என்பதையே அவர் திருப்பிவிடவும் கூடும். இதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு நேர்த்தியான சான்று இருக்கிறது. அச்சுதா அத்வர்யு, எமிர் முரதனோக்லு, அனந்த் நியாஷாதம் ஆகியோர் இங்குள்ள பெரிய ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தையல் லைன் மேற்பார்வையாளர்களுக்குப் பேச்சு, பழக்கம், ஆட்களைக் கையாளுதல் சார்ந்த பயிற்சி அளித்து அளந்தார்கள். யாரை அனுப்பலாம் என்று இடைநிலை மேலாளர்களிடம் முதலில் பரிந்துரை கேட்டார்கள். பிறகு அந்தத் தரவரிசைக்குள் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தார்கள். மேலாளர்கள் மிக வலுவாகப் பரிந்துரைத்தவர்களின் லைன்களில் உற்பத்தித்திறன் கூடவே இல்லை. குறைவாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களின் லைன்களில், பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட 12 சதவீதம் கூடியது.

மேலாளர்களுக்குத் தங்கள் ஆட்களைத் தெரியவில்லையா, அல்லது வேண்டியவர் வேண்டாதவர் பார்த்தார்களா? ஆய்வாளர்கள் இரண்டையும் சோதித்து விலக்குகிறார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் நின்றுவிட்டால் அந்த லைனின் சுமை இடைநிலை மேலாளரின் தலையில்தான் விழும். எனவே போய்விடுவாரோ என்று அஞ்சியவர்களையே, தக்கவைக்கும் நோக்கில், அவர்கள் முன்னுக்குத் தள்ளினார்கள். கணக்கு பிசகவும் இல்லை: பயிற்சி பெற்றவர்கள் வேலையை விடும் வாய்ப்பு 15 சதவீதம் குறைந்தது, வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களிடம் அது இன்னும் தெளிவாக இருந்தது. மேலாளர் தன் நோக்கில் சரியாகவே நடந்தார். நிறுவனம் பணம் போட்டது வேறு நோக்கத்துக்கு. மனிதவளத் துறைகள் ஆண்டுதோறும் துறைத்தலைவர்களிடம் பெயர்ப் பட்டியல் கேட்டு வாங்குகின்றன. அந்தப் பட்டியல் பயிற்சித் தேவையின் பட்டியல் என்று நம்ப இந்த ஆய்வுக்குப் பிறகு இடமில்லை.

கோச்சிங் என்ற தனிநபர் வழிகாட்டல் இந்த ஓட்டையை அடைக்கும் என்பது இன்றைய நம்பிக்கை. விளம்பரக் கையேடுகளில் அடிக்கடி தென்படும் எண் 88. வகுப்புப் பயிற்சி மட்டும் உற்பத்தித்திறனை 22.4 சதவீதம் உயர்த்தியது, எட்டு வார வழிகாட்டலும் சேர்ந்தபோது 88 சதவீதம் உயர்ந்தது என்று 1997-இல் ஒலிவெரோ, பேன், கோபல்மன் எழுதினார்கள். ஆய்வில் இடம்பெற்றவர்கள் ஒரே பொதுத்துறை அமைப்பின் 31 மேலாளர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. இதை வைத்து ஒரு துறையே கட்டணம் நிர்ணயிப்பது வேடிக்கை. ஆனால் அதன் உள்ளடக்கம் வீணல்ல. அங்கே வழிகாட்டல் என்பது ஒவ்வொருவரும் கையில் எடுத்த உண்மையான திட்டப் பணியின் மீது, இலக்கு குறித்து, பயின்று, கருத்துக் கேட்டு, முடிவை மேலிடத்தில் முன்வைப்பதாக இருந்தது. பலன் தந்தது ஆலோசகரின் சாமர்த்தியமா, இந்த ஒழுங்கா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல முயன்ற ஆய்வு லாசரென்சாவும் சகாக்களும் 2017-இல் வெளியிட்டது. 335 மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்ததில், தலைமைப் பயிற்சி பொதுவாகப் பலன் தருகிறது என்று கண்டார்கள். கூடுதல் பலன் தந்தவை எவை? முன்கூட்டியே தேவையை ஆராய்ந்தவை, செய்துபார்க்க வாய்ப்பளித்தவை, பின்னூட்டம் தந்தவை, ஒரே மூச்சில் அல்லாமல் இடைவெளிவிட்டு நடந்தவை, பணியிடத்திலேயே நடந்தவை. 1940களின் டி.டபிள்யூ.ஐ. முறையை அறிந்தவருக்கு இதில் புதுமை அதிகமில்லை.

கடைசியாக, நீடிப்பது பற்றி. மும்பையை அடுத்த பருத்தி நெசவாலைகளில் நிகோலஸ் புளூமும் சகாக்களும் 2008-இல் தொடங்கிய சோதனையில், ஆலோசகர்கள் மாதக்கணக்கில் ஆலைக்குள்ளேயே இருந்து மேலாண்மை நடைமுறைகளைப் புகுத்தியதில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அவர்கள் திரும்பிப் போனபோது, ஏற்றுக்கொண்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. ஆயினும் மற்ற ஆலைகளைவிட அவை முன்னணியிலேயே இருந்தன. கைவிட்டதற்கு முதன்மைக் காரணங்களாக அவர்கள் கண்டவை இரண்டு: ஆலை மேலாளர் மாறியது, இயக்குநர்களுக்கு நேரமில்லாமல் போனது.

தமிழ்நாட்டுத் தொழிலகங்களில் பயிற்சித் திட்டங்களை ஆராய முனைவோர், வகுப்பின் கடைசி நாளில் நிரப்பும் மதிப்பீட்டுத் தாளை ஓரம் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து லைனில் உள்ள தொழிலாளியிடம் போக வேண்டும். பயிற்சி பெற்றவரைப் பற்றி அவரிடம் கேட்கும் அதே வினாக்களை, பயிற்சி பெற்றவரிடம் அவருடைய மேலதிகாரியைப் பற்றியும் கேட்க வேண்டும். நிர்வாகங்கள் அடுத்த ஆண்டுக்கான பெயர்ப் பட்டியலை எழுதும்போது, பட்டியல் கொடுப்பவரின் பெயரை முதல் வரியில் சேர்க்கட்டும்.