ஆட்டிடையர்களுக்கு ஒரு வாசல்

1952-ல் கிரஹாம் கிரீனுக்கு அமெரிக்க விசா எளிதில் கிடைக்கவில்லை. காரணம், பத்தொன்பது வயதில் ஆக்ஸ்போர்டில் அவர் நான்கு வாரம் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தது. மாஸ்கோவுக்கு இலவசமாக ஒரு பயணம் கிடைக்குமென்ற நப்பாசையில் வேடிக்கையாகச் சேர்ந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கவுண்டரில் இருப்பவனுக்கு வேடிக்கை ஒரு பதில் அல்ல. உறுப்பினரா, இல்லையா என்பதுதான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவன் நானும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆகவே அந்தக் குமாஸ்தாவின் மேல் எனக்குக் கோபமில்லை. கட்டத்தை வரைந்தவர் யார் என்று பார்க்கத்தான் தோன்றியது.

நம்மவர்களுக்கு மெக்கார்த்தியைத் தெரியும். அந்தக் காலத்து அமெரிக்காவைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அந்த ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். மெக்கார்த்தி கூச்சல் போட்டவர். 1954 டிசம்பரில் ஸெனட் அவரைக் கண்டித்தது. அத்தோடு அவர் காலம் முடிந்தது. அவர் பெயரில் சட்டம் ஒன்றும் இல்லை. சட்டம் செய்தவர் பாட் மெக்காரன். அவரை நாம் படிக்கவே இல்லை.

நெவாடா மாநிலத்து ஸெனட்டர். 1876-ல் ரீனோவில் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து குடியேறிய தாய்தகப்பனுக்கு ஒரே பிள்ளை. ஆடு மேய்த்துக்கொண்டே சட்டம் படித்து வக்கீலானார். முரடர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது: 1937-ல் ரூஸ்வெல்ட் உச்ச நீதிமன்றத்தைத் தனக்குத் தோதாக விரிவாக்கப் பார்த்தபோது, அதே கட்சிக்காரரான இவர் எதிர்த்து நின்றார். நீதித்துறைக் கமிட்டியின் தலைவரானதும் தேசப் பாதுகாப்பு, எல்லை, போலீஸ் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டார். வெளியிலிருந்து வருகிறவன் கருத்தோடு வருகிறான்; ஆகவே கருத்தை எல்லையிலேயே சோதிக்க வேண்டும். இதுதான் அவர் தர்க்கம்.

1950-ன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் கம்யூனிஸ்ட் அமைப்புகள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. ஜனாதிபதி ட்ரூமன் வீட்டோ செய்தார். வீட்டோவை முறியடிப்பதைத் தடுக்க வில்லியம் லேங்கர் என்ற ஸெனட்டர் மணிக்கணக்காகப் பேசி அவையிலேயே மயங்கி விழுந்தார். பயனில்லை. 57 பேர் சட்டத்துக்கு ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, நெருக்கடி வந்தால் சந்தேகத்துக்குரியவர்களை முகாம்களில் அடைக்கலாம் என்கிறது. அதை எழுதியவர் மெக்காரன் அல்ல. ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி முதலிய தாராளவாதிகள் அவர் மசோதாவுக்கு மாற்றாகக் கொண்டுவந்த யோசனை அது. எதிரியைவிடத் தாங்கள் கண்டிப்பானவர்கள் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். மெக்காரன் அதையும் வாங்கித் தன் மசோதாவோடு சேர்த்துக்கொண்டார். முகாம்களுக்கென்று குறித்த இடங்களில் ஒன்று டூலி லேக். யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்து வைத்திருந்த இடம். யாரையும் அடைக்காமலே 1971-ல் அந்தப் பகுதியை ரத்து செய்தார்கள்.

நாம் இதைப் படித்துவிட்டு உச்சுக்கொட்ட முடியாது. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாதம் ஆனபோதே, 1950 பிப்ரவரியில், நம் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. ஓராண்டுக்கு மட்டும் என்றார்கள். நீட்டித்து நீட்டித்து 1969 வரை ஓட்டினார்கள். அதன் கீழ் சென்னை ராஜ்யத்தில் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போயும் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. அமெரிக்கர்கள் முகாம் பகுதியைக் கைவிட்ட அதே 1971-ல் நமக்கு மிசா வந்தது.

மெக்காரனின் அடுத்த சட்டம் 1952-ன் குடியேற்றச் சட்டம். இதையும் ட்ரூமன் வீட்டோ செய்தார், இதுவும் வீட்டோவை மீறி நிறைவேறியது. ஆசியர்கள் பிரஜையாக முடியாதென்ற இனத் தடையை இச்சட்டம் நீக்கியது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஆனால் கோட்டா நின்றது. பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 65,000-க்கு மேல், இந்தியாவுக்கு 100. லண்டனில் பிறந்தவனானாலும் இந்திய வம்சாவளியாக இருந்தால் அந்த நூறுக்குள்தான் வரவேண்டும்.

இதே மனிதர், 1950 ஜூனில், பாதுகாப்புச் சட்டத்துக்கு மூன்று மாதம் முன்னால், கோட்டாவுக்கு வெளியே 250 ஆட்டிடையர்களை அனுமதிக்க ஒரு தனிச் சட்டம் செய்து வாங்கினார். நெவாடாப் பண்ணைகளில் மேய்க்க ஆளில்லை. அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் ஸ்பெயினின் பாஸ்க் மக்கள். ஆட்டை அறிந்தவருக்கு மேய்ப்பவனின் கஷ்டம் புரிந்தது. கவிதை எழுதுகிறவனுக்கு அவர் மாநிலத்தில் கிராக்கி இல்லை. 1966-ல் நியூயார்க் பென் மாநாட்டுக்கு நெரூடா வருவதற்கு ஆர்தர் மில்லர் பாடுபட்டு விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. கார்சியா மார்க்கேஸ் பல ஆண்டுகள் இதே வாசலில் நிறுத்தப்பட்டார். பெல்ஜியத்து மார்க்ஸியப் பொருளாதாரவாதி எர்னஸ்ட் மண்டேலைத் தடுத்தது சரியே என்று 1972-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மெக்காரன் 1954 செப்டம்பரில், ஹாதார்னில் ஒரு கூட்டத்தில் பேசி முடித்ததும் விழுந்து இறந்தார். லாஸ் வேகஸ் விமான நிலையத்துக்கு வைத்திருந்த அவர் பெயரை 2021-ல் எடுத்துவிட்டார்கள். நாட்டுவாரி கோட்டா 1965-ல் போயிற்று. கருத்துக்காகத் தடுக்கும் பிரிவுகளில் பெரும்பகுதி 1990-ல் போயிற்று. ஆனால் இன்றைக்கும் அமெரிக்கக் குடியேற்றத்தின் அடிப்படை 1952-ன் அந்தச் சட்டந்தான். 2017-ல் சில நாட்டவர் வரக்கூடாதென்று ட்ரம்ப் உத்தரவு போட்டதும் அதில் உள்ள ஒரு பிரிவைக் கொண்டுதான்.